எலும்பு பயாப்ஸி: பேட்டரி ட்ரில்லும் கையும், அடிக்கடி நடக்கும் தவறுகளும்

எலும்பு பயாப்ஸிக்கு, அதாவது நோயைக் கண்டறிய ஊசியால் எலும்பிலிருந்து சிறு துண்டு எடுப்பதற்கு, பேட்டரி ட்ரில் வந்த பிறகு இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "ட்ரில் இருக்கும்போது எதற்குக் கையால் மல்லுக்கட்ட வேண்டும்?" என்பது ஒரு கட்சி. "கையில் கிடைக்கும் உணர்வு மெஷினில் வருமா?" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. நோயாளியின் சி.டி. படத்தைத் திறந்து பார்க்கும் முன்பே கருவியை முடிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு.

படத்தில் பார்க்க வேண்டியது எலும்பின் இறுக்கம். புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் சில இடங்களில் எலும்பு அரித்துப்போகும். சிறுநீரகம், தைராய்டு புற்றுகளில் பெரும்பாலும் அப்படி. சில இடங்களில் அளவுக்கு மீறி இறுகிவிடும். புராஸ்டேட் புற்றில் வழக்கமாகக் காண்பது இதுதான். இறுகிய எலும்பில் கையால் திருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊசி வளையும், பாதியில் சிக்கிக்கொண்டு முன்னும் போகாது, பின்னும் வராது. குப்புறப் படுத்திருக்கும் நோயாளி பொறுமை இழந்து அசைந்துவிட்டால் அதுவரை பார்த்துப் பார்த்து வைத்த கோணம் போய்விடும். ட்ரில் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான்.

அரித்துப்போன எலும்பில் கதை வேறு. மேலோடு ஏற்கெனவே காகிதம்போல் மெலிந்திருக்கும், உள்ளே சதை போன்ற திசு இருக்கும். அங்கே ட்ரில்லை ஓட்டிக்கொண்டே போனால் சுழலும் ஊசி திசுவைச் சிதைத்துவிடலாம். மறுபக்க மேலோட்டையும் தாண்டி வெளியே போய்விடவும் கூடும். மேலோட்டைத் துளைக்கும் வரை ட்ரில், அப்புறம் கேனுலா (வெளிக்குழாய்) வழியாக மென்திசுவுக்கான பயாப்ஸி ஊசி என்று மாறுவதே நல்லது. ஒரே நோயாளிக்கு இரண்டு முறையையும் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. கருவியைத் தட்டில் எடுத்து வைக்கும்போதே இதை யோசித்துவிட வேண்டும். பேட்டரி நடுவில் காலை வாரினாலும் கைக்கருவி பக்கத்தில் இருக்கும்.

"ட்ரில் போட்டால் ரிசல்ட் நிச்சயம்" என்ற நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ட்ரில்லுக்குச் சாதகமாக அடிக்கடி வருவது நேரம். எல்லா வகைப் புண்களையும் (எலும்பில் நோய் பாதித்த இடங்கள்) சேர்த்துப் பார்த்தால், நோய் என்ன என்று சொல்ல முடிகிற விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. இறுகிய புண்களில்தான் ட்ரில்லின் பலன் தெரிகிறது. ரிசல்ட்டைத் தீர்மானிப்பவை வேறு: ஊசி புண்ணின் எந்தப் பகுதிக்குப் போனது, எத்தனை சாம்பிள் எடுத்தோம். எலும்புப் புண்களில் 3 சாம்பிள்களுக்கு மேல் பலன் பெரிதாகக் கூடுவதில்லை என்று 2008-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதற்கு அது சாக்கு ஆகாது. இறுகிய புண்ணுக்குள் கொஞ்சம் அரித்த பகுதி தெரிந்தாலோ, பெட் ஸ்கேனில் (செல்கள் சுறுசுறுப்பாக இருக்கும் இடத்தைக் காட்டும் படம்) ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தாலோ, குறி அங்கே இருக்க வேண்டும்.

இனி டிரிகர், அதாவது ட்ரில்லை ஓட்டும் விசை. ட்ரில்லில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு விரலில் நடப்பவை. தோலுக்கு மேலேயே சுழற்ற ஆரம்பித்தால் தோலும் தசையும் ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். தோலில் சிறு கீறல் போட்டு, ஊசியைக் கையாலேயே தள்ளி, நுனி எலும்பில் 'டக்' என்று முட்டிய பிறகு படம் எடுத்துப் பார்த்து, அதற்குப் பின்தான் டிரிகர். அடுத்தது அழுத்தம். கான்கிரீட் சுவரில் துளை போடுகிறவர் உடம்பு எடையைச் சாய்ப்பதுபோல் இங்கே சாயக் கூடாது. வேகத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். கை திசையைப் பிடித்துக்கொண்டு லேசாகத் தள்ளினால் போதும். அழுத்தினால் மோட்டார் திணறும், ஊசி வளையும், உரசல் சூடும் ஏறும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படுகிறது என்பது 1983-ல் முயல் எலும்பில் செய்த சோதனையிலேயே தெரிந்த விஷயம். விட்டு விட்டு ஓட்டுவது சூட்டுக்கும் நல்லது, ஆழத்தைச் சரிபார்க்கவும் நல்லது.

மேலோட்டைத் தாண்டும் நொடியில் எதிர்ப்பு சட்டென்று குறையும். கையால் திருகும்போது இது உள்ளங்கையில் தெளிவாகத் தெரியும். ட்ரில்லில் மோட்டாரின் சத்தம் மாறுவதுதான் துப்பு. முதுகெலும்பு, விலா எலும்பு போல பின்னாலேயே முக்கியமான உறுப்பு இருக்கும் இடங்களில் இந்தத் துப்பை மட்டும் நம்பக் கூடாது. கடைசிச் சில மில்லிமீட்டர்களைக் கையால் முடிப்பது கொஞ்சம் மெதுவான வழிதான். பரவாயில்லை.

சிறியதாகத் தெரிந்தாலும் தொல்லை தரும் இன்னொன்று: ட்ரில்லை ஊசியிலிருந்து கழற்றாமல் ஸ்கேனுக்குள் அனுப்புவது. எலும்பில் நுனி மட்டுமே கடித்திருக்கும் ஊசி அந்த எடையில் சாய்ந்துவிடும், உலோக நிழலும் படத்தைக் கெடுக்கும்.

கைமுறையின் தவறுகள் வேறு ஜாதி. சாய்வான எலும்புப் பரப்பில் சாய்வாகவே இறங்கினால் நுனி வழுக்கிக்கொண்டு பக்கத்துத் திசுவுக்குள் போகும். முடிந்தவரை பரப்புக்குச் செங்குத்தாக அணுக வேண்டும். இறங்கவில்லையே என்று ஊசியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் துளை பெரிதாகுமே தவிர ஊசி இறங்காது. சாம்பிளை அடியில் துண்டிக்க, கடைசியில் லேசாக அசைப்பது வேறு விஷயம், அது தேவைதான். சுத்தியலும் தட்டில் இருக்கலாம், ஆனால் எலும்பு தேய்வு உள்ளவர்களிடம் தாராளமாகத் தட்டக் கூடாது.

மரத்துப்போகும் மருந்தில் அவசரம் காட்டுவது இரு தரப்புக்கும் பொது. எலும்பை மூடியிருக்கும் சவ்வு வலியை நன்றாக உணரும், ஆகவே மருந்து அதன் மேல் ஓரிரு இடங்களிலாவது பரவ வேண்டும். ட்ரில் சீக்கிரம் முடித்துவிடும் என்று இதில் மிச்சம் பிடிக்க முடியாது. விழித்திருக்கும் நோயாளியிடம் ட்ரில் சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் மோட்டார் சுழன்றால் யாருக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும்.

எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாத தவறு ஒன்று உண்டு: வழி. சார்கோமா போன்ற எலும்புப் புற்று என்று சந்தேகம் இருந்தால், ஊசி போன பாதையையும் பின்னால் அறுவை செய்து எடுக்க வேண்டி வரலாம். பாதை தவறான தசைப் பகுதி வழியாகப் போயிருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய கை கால் ஆபத்துக்குள்ளாகும். அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் பேசாமல் ஊசி போடுவதைவிடப் பெரிய தவறு இந்தத் துறையில் அதிகம் இல்லை.

அப்புறம் சாம்பிள். எலும்பில் சாம்பிள் எடுக்கும் ஜாம்ஷிடி வகை ஊசிகளின் நுனி குறுகலாக இருக்கும். சாம்பிளை அந்த வழியாகவே வெளியே தள்ளினால் நசுங்கிவிடும். நுனியிலிருந்து கைப்பிடிப் பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். தொற்று என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டையாவது ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். எலும்பை மென்மையாக்க ஆய்வகத்தில் கடும் அமிலம் பயன்படுத்தினால் டி.என்.ஏ. சிதைந்து, மரபணு சோதனைக்குச் சாம்பிள் உதவாமல் போகலாம். அந்தச் சோதனை தேவைப்படும் என்று தோன்றினால் விண்ணப்பத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். அமிலத்துக்குப் பதிலாக இ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசலில் ஊறவைப்பதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் டி.என்.ஏ. பெரும்பாலும் தப்பிக்கும்.