புது எருதை வண்டிக்குப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலிருந்தோ கண்ணபுரம் சந்தையிலிருந்தோ ஆசையாகக் காங்கேயம் எருது ஒன்றைப் பிடித்து வருகிறார்கள். ஆறு மாதம் போவதற்குள் "மாடு சண்டி, நடுவழியில் படுத்துக்கொள்கிறது" என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாட்டுமாட்டின்மேல் அக்கறையோடு வருகிற புதியவர்களிடம் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. முடிச்சுப் போடத் தெரியாதது, பின்னங்காலுக்கு நேராக நிற்பது போன்றவை முதல் வாரத்திலேயே சரியாகிவிடும். மாட்டையே கெடுத்துவிடும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பல் பார்க்காமல் பூட்டுவது

பால்பல் விழுந்து முதல் ஜோடிப் பல் முளைக்க இரண்டு, இரண்டரை வயதாகும். அதற்கு முன் கழுத்தில் நுகம் ஏறக் கூடாது. பழக்குவது அதன் பிறகு. முழுப் பாரம் ஆறு பல் போட்டபின்.

மூக்கணாங்கயிறு குத்திய புண்ணோடு ஓட்டுவது

துளை ஆறட்டும். காயடித்த வீக்கம் வற்றாமல் இருந்தாலும் பூட்டாதீர்கள்.

இரண்டு புது மாட்டை ஒரே நுகத்தில் பூட்டுவது

வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் பழகிய மாடு இருந்தே ஆகவேண்டும்.

இழுக்கக் கற்குமுன் பாரம் ஏற்றுவது

எருது சண்டியாகப் பிறப்பதில்லை. நாம்தான் சண்டியாக்குகிறோம், அதுவும் பெரும்பாலும் ஒரே வழியில்.

நடப்பது இதுதான். நான்கு நாள் வெறும் வண்டியில் சாதுவாக நடக்கிறது. பழகிவிட்டது என்று நம்பி, ஐந்தாம் நாள் எருவோ செங்கல்லோ ஏற்றுகிறார்கள். வெறும் வண்டியைப் பழைய மாடே இழுத்திருக்கும், புது மாடு கூட நடந்திருக்கும், அவ்வளவுதான். முதல்முறையாகக் கழுத்தில் கனம் தெரிகிறது. ஒருமுறை முட்டுக் கொடுக்கிறது. சக்கரம் நகரவில்லை. சாட்டையடி விழுகிறது. மறுபடி முட்டிப் பார்க்கிறது, நகரவில்லை. படுத்துக்கொள்கிறது. பதறிப்போய், மாட்டின் கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். முட்டினால் அடி, படுத்தால் விடுதலை என்ற பாடம் அந்த ஐந்து நிமிடத்தில் பதிந்துவிடுகிறது. அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும், சில மாடுகளில் மாறுவதே இல்லை.

சட்டம் அனுமதிக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். 1965ஆம் ஆண்டின் இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், எருது வண்டியில் ஒரு குறிப்பிட்ட எடை வரை பாரம் ஏற்ற அனுமதிப்பது உண்மைதான். அது உச்ச வரம்பு, தேறிய மாட்டுக்கானது. பழகுகிற மாட்டுக்கு அதை அளவாக எடுப்பது கொடுமை.

சரியான வரிசை இது. முதல் சில நாள் வெறும் நுகத்தோடு, பழகிய மாட்டுக்குப் பக்கத்தில் நடக்க விடுங்கள். அடுத்து, நுகத்தின் நடுவில் கயிறு கட்டி, உழுத மண்ணில் 25, 30 கிலோ மரக்கட்டை ஒன்றை இழுக்கச் சொல்லுங்கள். கட்டை கரகரவென்று பின்னால் வரும் சத்தத்துக்கும் மாடு பழகவேண்டும். கயிற்றைப் பழைய மாட்டின் பக்கமாக நான்கு விரல் தள்ளிக் கட்டினால் புது மாட்டின் பங்கு குறையும். தோள் கொடுத்து இழுக்கக் கற்றதும் கயிற்றை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். காலை வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் போதும். இதெல்லாம் ஆனபிறகே வெறும் வண்டி. பிறகு இரண்டு மூட்டை, நான்கு மூட்டை என்று வாரக்கணக்கில் கூட்டுங்கள். பாதை சமதளமாக இருக்கட்டும். மேடும் ஆற்றுமணலும் கடைசியில்.

நடுவில் நின்றுவிட்டால் சாட்டையைக் கீழே வையுங்கள். மாடு நின்றுகொண்டிருக்கும்போதே பாரத்தில் மூன்றில் ஒரு பங்கை இறக்குங்கள். சக்கரத்தின் முன்னால் கல்லோ பள்ளமோ இருக்கிறதா பாருங்கள். நேராக இழுக்கச் சொல்லாமல் மாடுகளைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால், ஒரு சக்கரம் முதலில் உருண்டு வண்டி எளிதாகக் கிளம்பும். இருபது அடி நடந்ததும் நிறுத்தித் தட்டிக்கொடுத்து அவிழ்த்துவிடுங்கள். இழுத்தால்தான் விடுதலை என்று அது கற்கவேண்டும்.

படுத்தேவிட்டதா? கழுத்து இறுகாதபடி பூட்டாங்கயிற்றைத் தளர்த்துங்கள். மூச்சிரைக்கிறதா, குளம்பில் ஏதாவது குத்தியிருக்கிறதா பாருங்கள். களைப்போ நோவோ இருந்தால் உடனே அவிழ்க்கவேண்டும், அன்றைக்குப் பாடம் எதுவும் கிடையாது. ஒன்றும் இல்லையென்றால் பாரத்தை முழுதும் இறக்கிவிட்டுக் காத்திருங்கள். தானாக எழுந்து, வெறும் வண்டியோடு நாலு எட்டு வைத்தபின் அவிழுங்கள். வாலை முறுக்குவது, தார்க்குச்சியால் குத்துவது, வைக்கோலைக் கொளுத்திக் காட்டுவது எல்லாம் பாவம். வால் எலும்பு முறிந்த மாடு வாழ்நாளெல்லாம் ஈ விரட்ட முடியாமல் நிற்கும். சண்டித்தனமும் போகாது.

முன்பாரம், பின்பாரம் பார்க்காதது

பாரம் அச்சுக்கு முன்னால் கூடினால் நுகம் கழுத்தில் அழுந்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். ஏற்றியதும் நுகத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஓர் ஆள் சிரமமில்லாமல் தூக்குகிற அளவுக்கு லேசான முன்பாரம் இருந்தால் சரி.

பக்கம் மாற்றுவது

வலத்து மாடாகப் பழக்கியதை இடப்பக்கம் பூட்டாதீர்கள். பழகிய மாடு வாங்கினால் எந்தப் பக்கம் ஓடியது என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கழுத்தைத் தொட்டுப் பார்க்காதது

புது மாட்டின் கழுத்துத் தோல் மிருதுவானது. நுகத்தில் பிசிறு இருந்தாலும், ஜோடி மாடுகளின் உயரம் பொருந்தாமல் நுகம் சாய்ந்தாலும் ஒரே ஓரம் அறுக்கும். மழையில் நனைந்த கழுத்து இன்னும் சீக்கிரம் புண்ணாகும். ஒவ்வொரு முறை அவிழ்த்ததும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடோ வீக்கமோ தெரிந்தால் குளிர்ந்த நீர் ஊற்றி, வற்றும்வரை பூட்டாமல் விடுங்கள். தோல் கிழிந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், புண் முழுதாக மூடும்வரை நுகம் வேண்டாம். துணி சுற்றி ஓட்டலாம் என்பார்கள். துணி மடிந்து அதே புண்ணில் உரசும், கேட்காதீர்கள்.