வெளிநாட்டுக் கடன் செய்தியைப் பேரேடு போட்டுப் படிப்பது எப்படி?

செவ்வாய்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். லோடு ஏற்றி முடிந்ததும் கடையில் பேப்பர் சுற்றும். 'உலக வங்கி இத்தனை கோடி டாலர் கடன்' என்று வந்தால் போதும். நாடே அடமானம் போச்சு என்பார் ஒருத்தர், பணம் கொட்டுது என்பார் இன்னொருத்தர். இரண்டு பேருமே கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில், செய்தியில் இருப்பது ஒப்புதலா, பட்டுவாடாவா என்று பாருங்கள். தலைப்பில் வருவது பெரும்பாலும் ஒப்புதல்தான். வேலை நடக்க நடக்கத்தான் பணம் வரும்; சாலை, குடிநீர்த் திட்டங்கள் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். எடுக்காமல் கிடக்கும் தொகைக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி 0.15% கட்டணம் போடுகிறது. நிலம் கையகப்படுத்தாமல் இழுத்தடித்தால் அதுவும் செலவுதான்.

அப்புறம் உலக வங்கி இணையதளத்தில் நாடுவாரியான கடன் அட்டவணையைத் திறந்து நான்கு வரிகளை மட்டும் தாளில் எழுதுங்கள்: வந்த பணம், கட்டிய அசல், கட்டிய வட்டி, ஆண்டு முடிவில் நிலுவை. ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. அங்கே சறுக்கினால் எல்லாமே தப்பு.

உதாரணத்துக்கு 100 வந்தது, அசல் 70 போனது. நிகர வரத்து 30. பேப்பர்காரர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். வட்டி 45 என்றால்? கையில் மிஞ்சியது கழித்தல் 15. இதைத்தான் நிகர மாற்றம் என்கிறார்கள். கடன் வாங்கிய வருடத்திலேயே காசு வெளியே போயிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கடன் கொடுத்தவர் வாரியாகவும் போடுங்கள், படம் மாறும். 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் உலக வங்கி போன்ற பலதரப்பு நிறுவனங்கள் வளரும் நாடுகளிடம் வசூலித்ததைவிடச் சுமார் 5,100 கோடி டாலர் அதிகமாகக் கொடுத்தன. கடன் கொடுத்த வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களோ அந்நாடுகளின் பொதுத்துறையிடமிருந்து, புதிதாகக் கொடுத்ததைவிடச் சுமார் 14,100 கோடி டாலர் அதிகமாக வாங்கிக்கொண்டார்கள். திட்டவேண்டிய ஆள் யார் என்று இப்போது யோசியுங்கள்.

போன வருட நிலுவையோடு நிகர வரத்தைக் கூட்டினால் இந்த வருட நிலுவை வராது. பயப்படாதீர்கள். யென்னில் வாங்கிய கடன், யென் மதிப்பு இறங்கினால் டாலர் கணக்கில் தானாகவே சுருங்கும். மண்டிப் பேரேட்டில் இப்படி வித்தியாசம் வந்தால் முதலாளி என்னை உட்காரவிடமாட்டார். இங்கே அது சகஜம்.

கடைசியாக, கடன் யாருடையது? 2025 மார்ச் முடிவில் இந்தியாவின் வெளிநாட்டுக் கடன் 73,630 கோடி டாலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 19.1%. அதில் அரசின் பங்கு கால்வாசியைக்கூட எட்டவில்லை. கம்பெனிகளும் வங்கிகளும்தான் பெரும்பகுதி. துபாயில் இருக்கும் ஆத்தூர்க்காரர் இங்கே போட்டிருக்கும் என்.ஆர்.ஐ. டெபாசிட்டும் அந்தத் தொகைக்குள்தான் வரும். ஆகவே மொத்தத்தை மக்கள்தொகையால் வகுத்து 'தலைக்கு இவ்வளவு கடன்' என்று வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.