பழைய ஹாண்டிகாம் கசெட்டை டிவிடியில ஏத்த எந்த மெஷினை வேண்டுறது?

2002இல யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை திறந்த கையோட எங்கட சித்தப்பா கனடாவில இருந்து வந்தவர், நிண்ட மூண்டு கிழமையும் கையில கமராவோடதான் திரிஞ்சவர், அம்மம்மா கிணத்தடியில நிண்டு ஆரையோ பேசுறது, ஓடு போன எங்கட வீட்டுச் சுவர், கோயில் வீதி எல்லாம் அந்தக் கசெட்டுகளிலதான் கிடக்கு. அம்மம்மா இப்ப இல்ல, அவவின்ர குரல் வேற எங்கயும் பதிஞ்சும் இல்ல. உங்கட அலுமாரிக்குள்ளயும் அப்பிடி ஏதோ ஒண்டு கிடக்கும், சாமத்தியவீடு, கலியாணம், முதல் பிறந்தநாள் எண்டு. அதுகளைக் குறைஞ்ச செலவில வெளியில எடுக்கிறது எப்பிடி எண்டு முதல் தரம் செய்யிற ஆக்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுறன்.

முக்கியமானதை முதலே சொல்லுறன். கன பேர் கொம்பியூட்டரில குத்துற யூஎஸ்பி கப்ச்சர் சாமானைத்தான் முதல் வேண்டுவினம், பிறகுதான் கசெட்டை ஓட்ட மெஷின் தேடுவினம். அது தலைகீழ். நாடாவில இருக்கிற படத்தை வடிவா வாசிக்கிறது ஓட்டுற மெஷின்தான், அது ஒழுங்கா வாசிக்காட்டி பிறகு எந்தச் சாமானாலயும் திருத்தேலாது. இருக்கிற காசில பெரும்பங்கு அதுக்குப் போகட்டும்.

முதல் வேலை: உங்களிட்ட இருக்கிறது என்ன கசெட்?

எல்லாத்தையும் மேசையில பரப்பி வையுங்கோ. பெரிய கசெட் விஎச்எஸ், அது தெரிஞ்சதுதானே. அதே அமைப்பில உள்ளங்கையளவு தடிப்பா இருந்தா விஎச்எஸ்-சி. பாட்டுக் கசெட் அளவில கொஞ்சம் தடிப்பா இருந்தா 8 மில்லிமீற்றர் கசெட், அதுக்குள்ள மூண்டு சாதி இருக்கு: 1985இல வந்த வீடியோ8, பிறகு ஹை8, 1999இல வந்த டிஜிற்றல்8. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசா இருந்தா மினி டிவி (MiniDV).

அடுத்தது கசெட் மேல இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ, எங்கட ஊருக்கு இது கட்டாயம். இலங்கை, லண்டன், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் பால் (PAL) எண்ட ரீவிப் பட முறை, கனடாவும் அமெரிக்காவும் என்ரிஎஸ்சி (NTSC) முறை, ஒண்டின்ர மெஷினில மற்றது ஒழுங்கா ஓடாது. 8 மில்லிமீற்றர் கசெட்டில பி5, இ5 எண்டு இருந்தா பால் நாட்டுக்கு வித்தது, பி6, இ6 எண்டா என்ரிஎஸ்சி. விஎச்எஸ்ஸில இ-180 எண்டா பால், ரி-120 எண்டா என்ரிஎஸ்சி. இது ஒரு குறிப்புத்தான், ஏனெண்டா கனடாவில வேண்டின வெறும் கசெட்டை இஞ்சத்தைக் கமராவில போட்டு எடுத்திருந்தா அதில இருக்கிற படம் பால்தான். எந்த நாட்டுக் கமரா எண்டு எடுத்தவரிட்டக் கேட்டா சோலி முடிஞ்சுது. நான் இதொண்டும் தெரியாமல் சித்தப்பாவின்ர கசெட்டை ஒரு கடையில குடுத்து, கறுப்பு வெள்ளையில ஓடி ஓடித் துடிக்கிற படமாத்தான் திருப்பி வேண்டினனான், கசெட் பழுது எண்டு சொல்லிப்போட்டினம். கசெட்டில ஒரு பழுதும் இல்ல, மெஷின்தான் மாறிப்போச்சு.

பூஞ்சணம் பாருங்கோ

ஐப்பசி கார்த்திகை மழையும் கடல் காத்தும் கசெட்டை விடாது. கண்ணாடி மாதிரி இருக்கிற ஜன்னலுக்கால சுருளைப் பாருங்கோ, வெள்ளையாப் பொடியோ வலை மாதிரியோ தெரிஞ்சா அதை ஒரு மெஷினிலயும் போடாதேங்கோ. நாடாவை வாசிக்கிற ஹெட்டில ஒட்டி அடைச்சுப்போடும், பிறகு போடுற நல்ல கசெட்டுக்கும் அது தொத்தும். அதுகளை வேற பெட்டியில ஒதுக்கி வையுங்கோ, சுத்தம் பண்ணிறது தனி வேலை.

எந்தக் கசெட்டுக்கு எந்த மெஷின்

விஎச்எஸ் எண்டா ரீவியோட குத்திப் படம் பாக்கிற பழைய டெக் போதும். கடைசியா டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கொம்பனியும் 2016 ஆடியோட நிப்பாட்டிட்டுது, அதால எது வேண்டினாலும் பாவிச்சதுதான். விஎச்எஸ்-சிக்கு ஒரு அடப்டர் பெட்டி இருக்கு, அதுக்குள்ள வைச்சு அதே டெக்கில ஓட்டலாம். ஆனா 8 மில்லிமீற்றருக்கும் மினி டிவிக்கும் அப்பிடி ஒரு அடப்டர் உலகத்திலயே இல்ல, ஆரும் இருக்கு எண்டு சொன்னா நம்பிக் காசு குடுத்திடாதேங்கோ. இன்னொண்டு, கனடாவில இருந்து வந்த டெக் 120 வோல்ற்றுக்குச் செய்தது, எங்கட 230இல நேர குத்தினா அந்த இடத்திலயே எரிஞ்சுபோம், ஸ்ரெப் டவுண் ட்ரான்ஸ்ஃபோர்மர் வேணும்.

8 மில்லிமீற்றர்தான் எங்கட வீடுகளில கூடுதலா இருக்கு, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். ஹை8 கமராவில வீடியோ8உம் ஹை8உம் ஓடும். வீடியோ8 கமராவில ஹை8 ஒழுங்கா ஓடாது. டிஜிற்றல்8இல எடுத்ததை டிஜிற்றல்8 கமராதான் வாசிக்கும், கசெட் மேல ஹை8 எண்டு இருந்தாலும் உள்ளுக்க டிஜிற்றல்8 பதிவு இருக்கலாம், ரெண்டுக்கும் ஒரே கசெட்தான். எல்லாம் கலந்து கிடந்தா சொனி டிஜிற்றல்8 கமரா ஒண்டு தேடுங்கோ, பழைய ரெண்டு சாதியையும் வாசிச்சு ஃபயர்வயர் (FireWire) எண்ட வயரால டிஜிற்றலாவே வெளிய விடும், அதைப்போல சுகம் வேற இல்ல. ஆனா எல்லா மொடலும் செய்யாது, பிறகு வந்த மலிவு மொடல் சிலதுகள் டிஜிற்றல்8 மட்டும்தான் ஓட்டும், அதால ஒரு வீடியோ8 கசெட்டைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாத்துத்தான் வேண்டோணும்.

மினி டிவிக்கு எந்தக் கொம்பனிக் கமராவும் சரி. ஆனா எல்பி எண்ட, கூட நேரம் பிடிக்க மெதுவா ஓடுற வேகத்தில எடுத்த கசெட் வேற கமராவில கட்டம் கட்டமா உடையலாம், அப்ப எடுத்த அதே கமராவைத் தேடுறதுதான் வழி.

இப்ப காசு மிச்சம் பிடிக்கிற விசயம். எங்களுக்கு வேண்டியது படம் எடுக்கிற கமரா இல்ல, கசெட் ஓட்டுற கமரா! லென்ஸ் உடைஞ்சது, சூம் இறுகினது, ரெக்கோர்ட் பண்ணப் போனா கறுப்பாத் தெரியிறது, பற்றரி செத்தது எல்லாம் எங்களுக்குப் பிரச்சினையே இல்ல, அப்பிடியானதைப் பழுது எண்டு சொல்லி அரைவாசிக்கும் குறைவாத் தருவினம். நான் வைச்சிருக்கிறதும் லென்ஸ் போனதுதான், நாலு வீட்டுக் கசெட் ஏத்தியாச்சு. திரை உடைஞ்சதை மட்டும் யோசிச்சு வேண்டுங்கோ, சில கமராவில பிளே பட்டனே திரையைத் தொட்டுத்தான் அமத்தோணும்.

கனடாக் கசெட்டுக்கு அங்கத்தைக் கமரா வேணும். லீவுக்கு வாற சொந்தக்காரரிட்டச் சொல்லி அவையின்ர பழசையே கறண்ட் அடப்டரோட கொண்டுவரச் சொல்லுங்கோ. அடப்டரில 100-240 வோல்ற் எண்டு இருந்தா பிளக்கை மட்டும் மாத்தினாக் காணும்.

வேண்ட முதல் சோதிக்கிறது

பெறுமதியில்லாத கசெட் ஒண்டும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரும் கொண்டுபோங்கோ, அம்மம்மாவின்ர கசெட்டைக் கொண்டுபோகாதேங்கோ. ரீவியில குடுத்து ஒரு பத்து நிமிசம் ஓட விடுங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும் சுத்துங்கோ, ரெண்டு மூண்டு தரம் வெளிய எடுத்துப் போடுங்கோ, நாடா கசங்கி வந்தா கும்பிட்டுட்டு வந்திடுங்கோ. மேலயோ கீழயோ அசையாமல் கோடு நிண்டா நாடாவை வழிநடத்திற பகுதி விலகியிருக்கு எண்டு அர்த்தம். சொனியில சி:31, சி:32 எண்டு காட்டினா மெக்கானிசம் பிழை, விடுங்கோ. சி:21 எண்டா ஈரம், கொஞ்ச நேரம் விட்டாச் சரிவரும். சி:22 எண்டா ஹெட் அழுக்கு, அதைச் சொல்லி விலை குறைக்கலாம்.

கொம்பியூட்டருக்கு

டிஜிற்றல்8உம் மினி டிவியும் ஃபயர்வயரால எடுக்கோணும். கமராவில இருக்கிற யூஎஸ்பி பெரும்பாலும் ஃபோட்டோவுக்குத்தான். ஃபயர்வயரை யூஎஸ்பியா மாத்துற சின்ன பிளக் விக்கினம், வேலை செய்யாது. ஃபயர்வயர் ஓட்டை இருக்கிற பழைய லப்ரொப் ஒண்டு, இல்லாட்டி டெஸ்க்ரொப்புக்கு ஒரு காட் போதும். வின்டிவி (WinDV) எண்ட இலவச மென்பொருள் ஏத்தித் தரும். ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவில இடம் பிடிக்கும். விஎச்எஸ்ஸுக்கும் ஹை8 கமராவுக்கும்தான் யூஎஸ்பி கப்ச்சர், எஸ்-வீடியோ வயர் இருந்தா மஞ்சளை விட்டுட்டு அதைக் குத்துங்கோ, நிறம் துப்புரவா வரும். என்ரிஎஸ்சி கசெட் எண்டா மென்பொருளிலயும் என்ரிஎஸ்சி எண்டு மாத்த மறக்காதேங்கோ.

கொம்பியூட்டரே வேண்டாம் எண்டா பாவிச்ச டிவிடி ரெக்கோடர் ஒண்டு காணும், நேர டிஸ்க்கில ஏறும், கடைசியில ரெக்கோடரில ஃபைனலைஸ் எண்டதை அமத்தி டிஸ்க்கை முடிச்சு விடாட்டி வேற பிளேயரில ஓடாது.

ஏத்தத் துவங்க முதல்

கசெட்டில இருக்கிற பாதுகாப்புத் தட்டைத் தள்ளி விடுங்கோ, விஎச்எஸ் எண்டா லேபல் ஒட்டுற விளிம்பில இருக்கிற சின்னத் தகட்டை உடைச்சு விடுங்கோ, தவறி ரெக்கோர்ட் அமத்தினாலும் அழியாது. கன வருசம் சுத்தாத நாடாவை ஒருக்கா முடிவு மட்டும் சுத்தித் திருப்பிக் கொண்டுவந்திட்டுப் பிளே பண்ணுங்கோ. கறண்ட் போற ஊர், யுபிஎஸ் இருந்தா அதில குத்துங்கோ. 4.7 ஜிபி டிஸ்க்குக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல திணிக்காதேங்கோ, படம் கெடும். ரெண்டு கொப்பி அடிச்சு ஒண்டை வேற வீட்டில குடுத்து வையுங்கோ, கொம்பியூட்டரில இருக்கிற பெரிய ஃபைலையும் அழிக்காமல் ஒரு ஹாட் டிஸ்க்கில போடுங்கோ. கசெட்டை எறியவேண்டாம், சிலிக்கா பொட்டலத்தோட ரின்னில போட்டு நிமித்தி அடுக்கி வையுங்கோ.