காய்ச்சிய தண்ணீரும் மஞ்சள் பல்லும்: பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலே நம் ஊரில் முதலில் வரும் யோசனை, "தண்ணியைக் காய்ச்சிக் கொடு" என்பதுதான். டைபாய்டு, வயிற்றுப்போக்குக்கு அது சரி. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களின் போர் தண்ணீரில் கிருமியோடு சேர்ந்து இன்னொன்றும் இருக்கிறது, நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு என்ற உப்பு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் இதைப் பிடிக்காது, ஆர்.ஓ. பிடிக்கும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் முதலில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைத் திட்டு விழும், அப்புறம் பழுப்புக் கோடு. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிற வயதில், சுமார் எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரின் வேலை அது. அதனால் அந்தப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தி "பல்லை ஒழுங்கா விளக்கமாட்டியா" என்று கேட்பதைப் போல அநியாயம் கிடையாது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.

இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. குழாய் பள்ளி வரைக்கும் வந்திருக்கும், ஆனால் காவிரித் தண்ணீர் குறைகிற நாளில் அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிவிடுவார்கள், அதோடு எல்லாம் வீண். குடிக்கவும் சத்துணவு சமைக்கவும் ஒரு தொட்டி, கை கழுவவும் கழிப்பறைக்கும் வேறு தொட்டி, எது எதற்கு என்று பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ருசியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஃபுளோரைடு நாக்குக்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

சரி, நல்ல தண்ணீரே இருந்தாலும் குடிக்காத பிள்ளைகள் உண்டு. காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், ஏனென்றால் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது, உள்ளே வாளி இருக்காது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. பிள்ளையைத் திட்டாமல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தாழ்ப்பாளைப் பற்றிக் கேளுங்கள்.

காய்ச்சலோடு எழுந்த பிள்ளைக்கு பாராசிட்டமால் சிரப் ஊற்றிப் பள்ளிக்கு அனுப்புவது இன்னொரு தவறு. நாலைந்து மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்ததும், பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சக் காய்ச்சலோடு மதியம் வீட்டுக்கு வரும். அம்மை போட்டால் வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை, ஆனால் பள்ளிக்குச் சொல்லாமல் மறைக்காதீர்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டுகிற வரை பரவும். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆபத்து.

பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். அது இயல்புதான். சாப்பிட்ட பிறகு போடட்டும், உடனே டீ மட்டும் வேண்டாம்.