பழைய கார் ஸ்டீரியோவில் பிளேயரை இணைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கார் பழையது, ஸ்டீரியோவும் அதோடு வந்ததுதான். கையில் இருக்கும் பிளேயரிலோ ஆயிரக்கணக்கில் பாட்டு. இரண்டையும் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் ஆளாளுக்கு ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பெரும்பாலானவை நானும் செய்தவை என்பதால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பின்னை முழுதாகச் செருகுங்கள், ஸ்டீரியோவில் ஆக்ஸை (வெளியிலிருந்து பாட்டை வாங்கும் வழி) தேர்ந்தெடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை யாரும் இரண்டாம் முறை மறப்பதில்லை.

## ஸ்டீரியோவைப் பார்க்காமலே சாமான் வாங்குவது

முதலில் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். ஆக்ஸுக்கான 3.5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அதன் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகளோ சி.டி. சேஞ்சருக்கான (பல சி.டி.களை மாற்றி மாற்றிப் போடும் பெட்டி) போர்ட்டோ இருக்கலாம். அதுவும் இல்லை, கேசட் இருக்கிறது என்றால் கேசட் அடாப்டர். வெறும் ரேடியோ மட்டும் என்றால்தான், பிளேயரின் பாட்டை ரேடியோ பிடிக்கும்படி ஒலிபரப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்.

புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எதையும் கழற்ற வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம் என்பதால் டிரான்ஸ்மிட்டரைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வராது, கூடவே இரைச்சல். வீட்டு வாசலில் காலியாக இருந்த அலைவரிசையில், ஊர் தாண்டியதும் ஏதோ ஒரு நிலையத்தின் விளம்பரம் பாட்டின் மேல் ஏறி உட்காரும். வேறு வழியே இல்லை என்றால், இரண்டு பக்கமும் பக்கத்து அலைவரிசைகள்கூடக் காலியாக இருக்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

சி.டி. சேஞ்சர் போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஏதோ ஒரு ஒயரைச் செருகினால் பாடிவிடாது. சேஞ்சர் அனுப்பும் பதில் சிக்னல் வந்தால்தான் பல ஒரிஜினல் ஸ்டீரியோக்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கும். அந்த மாடலுக்கென்று செய்த அடாப்டர்தான் வேண்டும்.

## சார்ஜர், ஆக்ஸ் ஒயர், கீச்சுச் சத்தம்

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆக்ஸ் ஒயரைச் செருகியாயிற்று, பாட்டும் அருமையாகக் கேட்கிறது. சார்ஜ் குறைகிறதே என்று லைட்டர் சாக்கெட்டில் ஒரு சார்ஜரை மாட்டிப் பிளேயரில் செருகுகிறார்கள். உடனே பாட்டுக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே மேலே ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டு நடுவே நிசப்தமாக வரும் இடங்களில் உயிரை வாங்கும்.

தெரிந்தவர் ஒருவர் முதலில் ஒயரை மாற்றினார். பிறகு தங்க முலாம் பூசிய பின் உள்ள விலை கூடின ஒயர். பிறகு ஸ்டீரியோவின் பவர் லைனில் ஒரு ஃபில்டர் பெட்டி. கடைசியில் ‘ஸ்டீரியோ பழசு சார், அதான்’ என்று யாரோ சொல்ல, ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்த ஒரிஜினல் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். டேஷ்போர்டின் வளைவுக்கு அது பொருந்தவில்லை, ஓரத்தைச் சீவினார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் அதே கீச்சு. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். நான் உட்கார்ந்து சார்ஜரை மட்டும் பிடுங்கினேன். சத்தம் நின்றது. அவர் சார்ஜரைப் பார்த்தார், சீவிய ஓரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பழைய ஸ்டீரியோ அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

நடப்பது இதுதான். காரில் எல்லாவற்றுக்கும் எர்த், காரின் உலோக உடல், அதாவது பாடிதான். ஸ்டீரியோ தன் எர்த்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் எடுக்கிறது, லைட்டர் சாக்கெட் வேறோர் இடத்தில் எடுக்கிறது. விளக்கு, ஃபேன் என்று எல்லாவற்றையும் ஓட்டிய மின்னோட்டம் பாடி வழியாகத்தான் திரும்புகிறது என்பதால், இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். சும்மா இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. சார்ஜரையும் ஆக்ஸ் ஒயரையும் ஒரே நேரத்தில் பிளேயரில் மாட்டினால், ஆக்ஸ் ஒயரின் எர்த் இழை அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. எர்த் லூப் என்பது இதைத்தான். பாட்டின் சிக்னலே ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்குள் அடங்குவது. அதில் சில மில்லிவோல்ட் கலந்தாலும் காதில் விழும்.

சத்தம் ஏன் எஞ்சினோடு ஏறி இறங்குகிறது? காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏ.சி. உள்ளேயே இருக்கும் டயோடுகள் அதை டி.சி.யாக மாற்றினாலும் அலை முழுதாக அடங்காது. ஆல்டர்னேட்டரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. வேகம் கூடினால் அந்த அலையின் சுருதியும் கூடும்.

ஆகவே கீச்சுச் சத்தம் கேட்டால் கடைக்கு ஓடாதீர்கள். எஞ்சின் ஓடட்டும், பாட்டும் ஓடட்டும், சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் எர்த் லூப், சந்தேகமே வேண்டாம். நிற்கவில்லை என்றால்தான் ஸ்டீரியோவின் எர்த் இணைப்பில் துரு இருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீர்வுகள் எளியவை. சார்ஜரை மாட்டாமல் பேட்டரியில் பாடவிடலாம். பவர் பேங்கிலிருந்து சார்ஜ் செய்யலாம். அதற்குக் காரின் பாடியோடு எந்தத் தொடர்பும் இல்லை, வளையம் உருவாகாது. இரண்டும் ஒத்துவராது என்றால் ஆக்ஸ் ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (கிரவுண்ட் என்பதும் எர்த்தான்) என்ற சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சிக்னல் காந்தப்புலம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. மலிவானதில் டிரான்ஸ்ஃபார்மரின் கோர் சின்னது என்பதால் அடித்தொண்டை ஒலி, அதாவது பேஸ், மெலிந்து கேட்கும். பவர் லைன் ஃபில்டர் பெரும்பாலும் இந்த வியாதிக்கு மருந்தல்ல. தொல்லை வருவது எர்த் வழியாக.

‘புளூடூத் ரிசீவர் போட்டுவிட்டேன், இனி ஒயர் தொல்லை இல்லை’ என்று சொல்கிறவர்களும் உண்டு. ரிசீவரை ஆக்ஸில் செருகி, அதற்கான பவரை லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்தால், பிளேயர் இருந்த இடத்தில் இப்போது ரிசீவர். வளையம் அதே வளையம்தான்.

இதைவிட எரிச்சல் தருகிறவர்கள், வளையத்தை உடைக்க வேண்டும் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஸ்டீரியோவின் கறுப்பு ஒயரையே வெட்டுகிறவர்கள். அது ஸ்டீரியோவின் எர்த். உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் பல ஆம்பியர் மின்னோட்டம் திரும்பிப் போக வேறு பாதை தேடும். மிச்சமிருப்பது ஏரியல் கேபிளின் வெளிச்சுற்று, அப்புறம் ஆக்ஸ் ஒயரின் மெல்லிய எர்த் இழை. அந்த இழையின் மறுமுனையில் உங்கள் பிளேயர் இருக்கிறது. ஸ்டீரியோ பாடத்தான் செய்யும், ‘சரியாகிவிட்டது’ என்றுகூடத் தோன்றும். வால்யூமை ஏற்றும் வரைக்கும்.

## ஸ்பீக்கர் ஒயரில் பிளேயரைச் சேர்ப்பது

கூடாது. கேசட் காலத்துக்குப் பின் வந்த ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறைய பாதி நின்றுகொண்டிருக்கும். மைனஸ் என்று போட்டிருப்பது எர்த் அல்ல. கேசட் ஸ்டீரியோக்கள் பலவற்றிலும் இதே கதைதான். பிளேயர் போகும், அல்லது ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போகும்.

## கேசட் அடாப்டரை உள்ளே தள்ளிவிட்டு மறப்பது

அடாப்டரில் இருக்கும் குட்டி ஹெட், டெக்கின் (ஸ்டீரியோவில் கேசட் போடும் பகுதி) நாடாவைப் படிக்கும் ஹெட்டோடு ஒட்டி நின்று காந்தப்புலமாகப் பாட்டைக் கொடுக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் இருந்தால்தான் ஒலி தெளிவு. ஆட்டோ ரிவர்ஸ் டெக் சில சமயம் தானாகப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளும்; ஒலி திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி மங்கும். அடாப்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், டெக்கின் பக்கம் மாற்றும் பட்டனை அழுத்துங்கள். டெக்கின் ஹெட்டில் பல வருட அழுக்கு படிந்திருக்கும்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே மேல் ஸ்வரங்கள் திரும்பி வரும்.

## வால்யூம்

பிளேயரைக் கால்வாசியில் வைத்து ஸ்டீரியோவை முழுதாகத் திருகினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். பிளேயரை முழுதாக ஏற்றினால் சிலவற்றில் ஒலி பிசிறும். முக்கால்வாசியில் ஆரம்பித்து, ரேடியோவும் ஆக்ஸும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் கேட்கிற மாதிரி வையுங்கள். இல்லையென்றால் ரேடியோவுக்கு மாற்றும்போது காது கிழியும். ஈக்வலைசரைப் பிளேயர், ஸ்டீரியோ இரண்டில் ஒன்றில் மட்டும் போடுங்கள்.

ஐபாட் வைத்திருந்தால், 2003இல் வந்த 30 பின் சாக்கெட்டில் லைன் அவுட் (மாறாத அளவில் சிக்னல் தரும் வழி) தனியாக உண்டு. வால்யூம் பட்டனுக்கு அது மசியாது, ஹெட்ஃபோன் ஓட்டையைவிட அதுவே மேல். ஐபாடைச் செருகி வைக்கும் பழைய கார் டாக்குகளில் சில, ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறையின் பின் வழியாகச் சார்ஜ் கொடுப்பவை. 2008இல் வந்த ஐபாட் நானோ, ஐபாட் டச், ஐஃபோன் 3ஜி ஆகியவற்றில் அப்படிச் சார்ஜ் ஏறாது. டாக் கெட்டுப்போகவில்லை.

## பாடகர் குரல் காணாமல் போனால்

இசை கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் இல்லையா? ஆக்ஸ் ஒயரில் எர்த் தொடவில்லை. மைக் உள்ள ஹெட்செட்டுக்கான நான்கு துண்டுப் பின்னைச் செருகியிருக்கலாம். மூன்று துண்டாகப் பிரிந்த பின் உள்ள ஒயரை வாங்குங்கள்.

## யூ.எஸ்.பி. ஓட்டை இருந்தும் பாடவில்லை

கொஞ்சம் பழைய ஸ்டீரியோக்கள் ஃபேட்32 போன்ற பழைய ஃபேட் ஃபார்மேட்டுகளை (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) மட்டும்தான் படிக்கும். எம்.டி.பி. என்ற வேறொரு முறையில் இணையும் பிளேயர் அவற்றுக்குப் பாட்டுப் பெட்டியாகவே தெரியாது. பிளேயரின் அமைப்பில், பென் டிரைவ் போலத் தெரிய வைக்கும் மாஸ் ஸ்டோரேஜ் முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

## வெயிலில் நிற்கும் காரில் பிளேயரை விட்டுப் போவது

லித்தியம் பேட்டரி. வேண்டாம்.

## ரேடியோ கோடு

ஸ்டீரியோவைக் கழற்றும் முன் பேட்டரி ஒயரை எடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் திருட்டுப் பயத்துக்காகக் கோடு, அதாவது ரகசிய எண், வைத்த ஒரிஜினல் ஸ்டீரியோ, மறுபடி பவர் வந்ததும் அந்த எண்ணைக் கேட்கும். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் பல மாடல்கள் பூட்டிக்கொள்ளும். காரோடு வந்த கையேட்டில் அந்த எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.