கீசருக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: பிரேக்கருக்குத் தெரியாத தவறும் வேறு சிலவும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யார் வீட்டுச் சுவரிலும் தெர்மோஸ்டாட் இருப்பதில்லை. ஜூலை மாதக் குளிரிலும் வீடு முழுவதையும் சூடேற்றும் வழக்கம் நமக்கு இல்லாததால், இங்கே ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்றால் கூரைக்கு அடியில் படுத்திருக்கும் கீசரைக் கைப்பேசியிலிருந்து கட்டுப்படுத்தும் கருவி என்றே பொருள். 2022, 2023 ஆண்டுகளின் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) காலத்தில் பலர் இதை வாங்கினார்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பின் மின்தடை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, ஆனால் யூனிட் விலை இறங்கவில்லை என்பதால் வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டிலும் ஃபீனிக்ஸில் ஒரு வீட்டிலும் கூரைக்குள் ஏறினேன். இரண்டு இடங்களிலும் 2017இல் என் சொந்த வீட்டில் நான் செய்த அதே தவறு எனக்காகக் காத்திருந்தது. மெயின் சுவிட்சை இறக்காமல் கம்பியைத் தொடாதீர்கள் என்பது போன்றவற்றை எழுதி யாருடைய நேரத்தையும் வீணாக்கப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே போகக்கூடாது.

பெட்டியில் அச்சிட்ட ஆம்பியரை நம்புவது

என் எரிச்சலுக்கு முதற்காரணம் இதுதான். நம் வீடுகளில் உள்ள 150 லிட்டர் கீசரில் பெரும்பாலும் 3 கிலோவாட் எலிமென்ட் இருக்கும். சிலவற்றில் 4 கிலோவாட் இருக்கும். 230 வோல்ட்டில் முதலாவது 13 ஆம்பியரும் இரண்டாவது ஏறக்குறைய 17.4 ஆம்பியரும் இழுக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும், கைப்பேசி வழி இயங்கும் சுவிட்சான வைஃபை ரிலேயோ 10 ஆம்பியர் அல்லது 16 ஆம்பியர் தாங்கும் என்று எழுதப்பட்டு வருகிறது.

நான் மாட்டியது 10 ஆம்பியர் கருவி. அப்போது நான் ஒரு பட்டறையில் உதவியாளனாக இருந்தேன். பதிவு பெற்ற மின்பணியாளன் அல்லன். "கொஞ்சம் அதிகமானால் பிரேக்கர் விழுந்துவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு முட்டாள்தனமும் அடங்கியிருந்தது. கீசருக்கான பிரேக்கர் 20 ஆம்பியர். அது கூரைக்குச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டதே தவிர, நடுவில் நான் செருகிய சின்னப் பெட்டியைக் காப்பதற்காக அன்று. 13 ஆம்பியர் என்பது பிரேக்கரின் கணக்கில் முற்றிலும் இயல்பான சுமை. ஆகவே 10 ஆம்பியர் கருவி மெல்ல மெல்ல வெந்துகொண்டிருக்கும்போது பிரேக்கர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

விளக்கும் மின்விசிறியும் போல அல்ல கீசர். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் அதற்காக இரண்டேகால் மணி நேரத்திற்கும் மேலாக ஒரு நொடி ஓயாமல் முழு மின்னோட்டத்தையும் இழுக்கும். இது தினமும் நடக்கிறது. அதுவும் கோடையில் தகரக் கூரைக்கு அடியில், கைவைக்க முடியாத வெக்கையில் நடக்கிறது. திருகு சற்றுத் தளர்ந்திருந்தால் அந்த முனை இன்னும் சூடாகும்; சூடானால் இன்னும் தளரும்.

என் வீட்டில் முதலில் ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. செயலியில் "அணைந்துள்ளது" என்று காட்டியது, கீசரோ இரவு பகலாக மின்சாரத்தில் இருந்தது. முன்கட்டண மீட்டரில் மின்செலவு ஏன் குறையவில்லை என்று இரண்டு மாதம் குழம்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உருகிய பிளாஸ்டிக் வாடை இறங்கி வந்தது. கூரைப்பலகை ஒன்று கருகியிருந்தது. காப்பீட்டு நிறுவனம் கேட்ட முதல் ஆவணம் மின்னிணைப்புத் தகுதிச் சான்றிதழ். 2009ஆம் ஆண்டின் மின்நிறுவல் விதிகளின்படி இணைப்பில் மாற்றம் செய்தால் அதற்கும் சான்றிதழ் வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பலகைக்கும் கம்பிக்கும் கூலிக்கும் என் சொந்தப் பணமே போயிற்று.

ஃபீனிக்ஸ் வீட்டு இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். "பெட்டியில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே, அங்கிள்!" என்றார். அவருடைய எலிமென்ட் 4 கிலோவாட். "தம்பி, பதினேழரையைப் பதினாறில் எப்படி அடைப்பாய்?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

செய்ய வேண்டியது கடினமானதன்று. கீசருக்கென்றே செய்யப்பட்ட, குறைந்தது 25 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் கருவியை வாங்குங்கள். இல்லையேல் சிறிய வைஃபை ரிலேயை பெரும் சுமையைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சான ஒரு கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கச் செய்து, கீசரின் முழுச் சுமையையும் கான்டாக்டரிடம் விடுங்கள். அது டிபி போர்டிலேயே (வீட்டின் மின்பங்கீட்டுப் பெட்டியிலேயே) அமரட்டும். அங்கே வெக்கையும் குறைவு, வைஃபையும் எட்டும். பதிவு பெற்றவரைக் கொண்டு செய்து சான்றிதழை வாங்கி வையுங்கள். மாட்டிய ஒரு மாதம் கழித்து மெயினை இறக்கிவிட்டுத் திருகுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

ரிலே ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு மாதமும் என் கீசர் கொதிக்காமல் இருந்ததற்குக் காரணம், எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கோல் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததுதான். "இனி இது எதற்கு?" என்று அதை நேர்க்கம்பியால் கடந்துசெல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்க அதனுள் இருக்கும் அதிவெப்ப வெட்டியும் அத்துடன் போய்விடுகிறது. பிறகு வெடிப்பைத் தடுக்க எஞ்சியிருப்பது பாதுகாப்பு வால்வு ஒன்றே. அது பல ஆண்டுகளாகச் சுண்ணாம்பு படிந்து கிடப்பதாகவும் இருக்கலாம். பழையதன் குழிக்குள்ளேயே நுழையும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினால், அதில் தனி அதிவெப்ப வெட்டி உண்டா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சென்சாரை வெளிக்குழாயில் ஒட்டுவது

யாரும் குழாயைத் திறக்காதபோது அந்தக் குழாய் குளிர்ந்துபோகும். கருவி கீசரே குளிர்ந்துவிட்டது என்று நினைக்கும்.

45 டிகிரியில் வைத்துச் சேமிப்பது

லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய நீரில் செழிக்கும். நுரையீரலைத் தாக்கும் கிருமி என்பதால், முதியவர்கள் உள்ள வீட்டில் இந்தச் சேமிப்பு எனக்குச் சம்மதமில்லை. 60 டிகிரியில் வையுங்கள். அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே குழந்தையின் தோல் வெந்துவிடும் என்பதால், குளியலறைக்குக் கலப்பு வால்வு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

அட்டவணையிடம் அதிசயத்தை எதிர்பார்ப்பது

நீங்கள் குளித்துச் செலவழித்த வெந்நீருக்கான மின்சாரத்தை எந்த நேரத்தில் சூடேற்றினாலும் கொடுத்தே ஆகவேண்டும். அட்டவணை குறைப்பது, தொட்டி சும்மா இருக்கும்போது சுவர் வழியே கசியும் வெப்பத்தை மட்டுமே. எந்நேரமும் ஒரே விலை உள்ள முன்கட்டண மீட்டரில் இந்த இலாபம் சிறியது. கீசருக்குப் போர்வை சுற்றி, வெந்நீர்க் குழாய்க்கு உறை போட்டால் அதே கசிவு செயலி இல்லாமலே குறையும். நேரத்திற்கு ஏற்ப விலை மாறும் கட்டணத்தில் இருப்பவர்களுக்குத்தான், குறிப்பாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காலை மாலை உச்ச நேரங்களைத் தவிர்ப்பது பெரிய வித்தியாசத்தைத் தரும்.

அட்டவணையை இறுக்கிப் பிடித்தால் வேறு வகையிலும் அடி விழும். ஒரு தீபாவளிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். முந்தைய இரவு ஒன்பது மணிக்குள் குளியலும் பாத்திரங்களும் பாதித் தொட்டியைத் தீர்த்துவிட்டன; கீசர் வழக்கம்போல் அணைந்தது; காலை ஐந்துக்குத்தான் மறுபடி எழும். எண்ணெய்க் குளியலோ மூன்றரைக்கே தொடங்கிவிட்டது. நான்காவதாகப் போன பெரியம்மா தலையில் எண்ணெய் வழிய வெளியே வந்து, "கீசருக்கு மூளை வச்சியே, இன்னைக்குத் தீபாவளின்னு அதுகிட்ட சொன்னியா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் விருந்தினர் வரும் முன்னரே அட்டவணையை நிறுத்திவிடுகிறேன்.

சூரியக் கீசருக்கும் அதே அட்டவணை

2011க்குப் பிறகு கட்டிய வீடுகளில், வெந்நீர்த் தேவையில் பாதியேனும் நேரடி மின்சூட்டைத் தவிர்த்த வழியில் வரவேண்டும் என்ற கட்டிட விதியால், சூரியக் கீசர்கள் கூடியுள்ளன. அவற்றின் துணை எலிமென்ட்டை விடியற்காலையில் ஓடவிட்டால் தொட்டி சூடாகவே பகலைச் சந்திக்கும். வெயிலுக்கு வேலையே இருக்காது. பிற்பகல் வெயில் சாய்ந்த பிறகு, குறைந்த சூட்டை மட்டும் ஈடுகட்டச் சொல்லுங்கள்.

செயலியில் அணைத்துவிட்டு கீசர் மூடியைத் திறப்பது

கீசருக்கான மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டரை இறக்குங்கள்.

மின்சாரம் திரும்பும்போது என்ன நடக்கும் என்று பார்க்காமல் விடுவது

மின்தடைக்குப் பின் கருவி எந்த நிலையில் எழ வேண்டும் என்பது அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தேர்வு. பல கருவிகள் "இயங்கு" என்ற நிலையிலேயே வருகின்றன. தெருவில் எல்லாக் கீசர்களும் ஒரே நொடியில் விழித்தால் அப்போதுதான் வந்த மின்சாரம் மறுபடி போவதைப் பல தடவை பார்த்திருக்கிறோம். "அணைந்த நிலை" என்று மாற்றிவிட்டு, வைஃபை இல்லாமலும் கருவி நேரத்தை நினைவில் வைத்திருக்கிறதா என்று ரூட்டரைப் பிடுங்கி ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். சாட்ஸ்வொர்த் வீட்டில் அப்படிச் சோதித்தபோது, அந்தக் கருவி நள்ளிரவை நண்பகல் என்று எண்ணிக்கொண்டிருந்தது.