மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, அப்புறம்?

மாதவிடாய் நின்ற மூன்றாம் வருஷம், ஈரத்தரையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது "சரியாகிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் அதன் பலத்தைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மறுவருஷம் நானாகக் கேட்டுத்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன்.

அசையாமல் படுத்திருந்தால் போதும். இடுப்பையும் முதுகெலும்பையும் பார்ப்பார்கள். டி-ஸ்கோர் என்பது நம் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதுக்காரரோடு ஒப்பிடும் எண். அது -1-க்குக் கீழே போனால் அடர்த்தி குறைகிறது, -2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய். எனக்கு -2.7. மூட்டுத் தேய்மானத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வலிக்கும், இது முறியும்வரை சத்தமே போடாது.

டாக்டர் வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் என்ற எலும்புப்புரை மாத்திரையை எழுதினார். முதல் வாரம் ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி படுத்தேன். நாள் முழுக்க நெஞ்சு எரிந்தது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும் மாத்திரை அது. இப்போது ஞாயிறு காலை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்குகிறேன். அப்புறம் அரைமணி நேரம் படுக்கை கிடையாது, காபி கிடையாது. அந்த நேரத்தில்தான் துணி மடிக்கிறேன்.

கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்கவே கூடாது. மருந்தை உடம்பில் ஏறவிடாது. ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டையும் சேர்த்தே 1,200 மில்லிகிராம் கால்சியம் போதும். ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. கால்சியம் கார்பனேட் வகை மாத்திரை என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வைட்டமின் டி-யை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டரே சொல்லட்டும்.

நடப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. எலும்புக்குப் பாரம் வேண்டும். நான் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதில் ஆரம்பித்து, இப்போது சின்ன எடைகளைத் தூக்குகிறேன். முதுகெலும்பு பலவீனம் என்றால் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம்.

நள்ளிரவில் வேர்த்துக்கொட்டி எழுந்து இருட்டில் குளியலறைக்குப் போகிற வயசு இது. வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், நழுவுகிற மிதியடியைத் தூக்கிப் போடுங்கள்.

பல் பிடுங்கப் போனால், அலெண்ட்ரோனேட் போடுவதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.